சாகாத திருஷ்டி மீன்

செங்கல்பட்டில் வீடு கட்டி முடித்ததும் என் மாமியார் போட்ட முதல் உத்தரவு, வாசலுக்கு நேரே மீன்தொட்டி வைக்க வேண்டும் என்பது. அழகுக்காக இல்லை. உள்ளே வருகிறவர்களின் கண் முதலில் மீன்மேல் பட வேண்டும். பொறாமைக் கண்ணாக இருந்தால் மீன் அதை வாங்கிக்கொண்டு செத்துப்போகும், குடும்பம் தப்பிக்கும்.

இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் வாங்கி வந்த தங்கமீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. காரணம், பாசம் மேலிட்டு நான் அள்ளிப் போட்ட தீனி. மாமியாரோ மிதக்கிற மீனைப் பார்த்து, "நம்ம மேல வர்றது அது மேல போச்சு, மாப்ள" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். கொலைகாரனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுக்கிற வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

பொத்தேரியில் மீன் விற்கிறவருக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணாத்த, உன் கைக்குத் தாங்குறது இது ஒண்ணுதான்" என்று ஒரு மீனைப் பையில் கட்டிக் கொடுத்தார். விரல் நீளம், வெளிறிய ரோஸ் நிறம். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.

"அவ்ளோ பெரிய கடையில கண்ணில்லாததா தேடிப் புடிச்சு வாங்கினு வந்தீங்களா?" என்றாள் மனைவி.

போனில் படித்ததையெல்லாம், மெக்சிகோவுக்கு நேரில் போய் வந்தவன்போல் எடுத்துவிட்டேன். இதன் முன்னோர்கள் வாழ்ந்தது அந்த நாட்டுக் குகைகளுக்குள், வெளிச்சமே எட்டாத தண்ணீரில். குஞ்சு உருவாகும்போது கண்ணும் முளைக்கத்தான் செய்யுமாம். பிறகு வளராமல் சுருங்கித் தோலுக்குள் மறைந்துவிடுமாம். பதிலுக்கு, தண்ணீரின் சின்ன அசைவைக்கூட உடம்பே உணர்ந்துகொள்ளும்.

படித்தபோது பாதிதான் நம்பினேன். மாமல்லபுரத்துக் கல்பட்டறை ஒன்றில் கையளவு கல் மண்டபம் வாங்கிவந்து தொட்டிக்குள் வைத்தேன். மீன் அதன் பக்கத்தில் போய் உரசாமல் விலகியது. சுற்றியது, உள்ளே நுழைந்தது, மறுபடி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் தூண்களுக்கு நடுவே சர்ரென்று போய் வந்தது. மண்டபத்தை நகர்த்தினால் மறுபடி பொறுமையாக முதலிலிருந்து பாடம் படிக்கும். ஆபீசுக்கு லீவு போட்டு இதைப் பார்த்தேன் என்றால் வெட்கக்கேடுதான், ஆனால் பார்த்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் மழையில் கரண்ட் போனது. டார்ச் அடித்தால் மீன் இருட்டில் ஒரு துணுக்குத் தீனிகூட விடாமல் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. சந்தோஷத்தில் திரும்பியவன், சொந்தக் காசில் வாங்கி, சொந்தக் கையால் போட்ட டீப்பாயில் இடித்துக் கால்விரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டேன்.

மாமியாருக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. "அது சாவ மாட்டேங்குது. அதான் திருஷ்டி நேரா உங்க மேல வந்துடுச்சு."

தீர்ப்பும் கையோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கருங்குழியிலிருந்து அவருடைய நாத்தனார் வருகிறார். திரும்பும்போது மீனை எடுத்துப் போய் அவர்கள் கிணற்றில் விட்டுவிடுவார். "கெணறும் இருட்டாத்தானே கீது? அதுக்குத் தோதா இருக்கும்."

"அத்தை, அந்தக் கெணத்துல விரால் இருக்கு. இதை ஒரே வாயில முழுங்கிடும்."

"முழுங்கட்டும். வேலை முடிஞ்சுது."

அந்த நாத்தனார் சாதாரண ஆள் இல்லை. போன தடவை "நல்லா கீதே" என்று அவர் சொன்ன எங்கள் மிக்ஸி அன்றைக்கே புகைந்தது. ஞாயிறு காலை மாமியார் மூடி போட்ட வாளியோடு வாசலிலேயே தயாராக நின்றார்.

வந்தவர் ஒரு செருப்பைத்தான் கழற்றினார். "அய்யய்யோ, இன்னா அண்ணி இது! கண்ணு எங்க?"

"பொறப்பே அப்படித்தாம்மா."

"அப்போ எப்படிப் போய்கினு கீது? முட்டிக்கலியே!"

கடைசி முயற்சியாக, கையை விட்டு மண்டபத்தை நகர்த்தினேன். மீன் நின்று, நிதானித்து, சுற்ற ஆரம்பித்தது. அவர் வாயில் கைவைத்தபடி நின்றார். டீப்பாயைத் தள்ளி நாற்காலி போட்டோம், தொட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். டீயில் ஆடை படிந்தது. இத்தாலி மார்பிள், தேக்குக் கதவு, புது அடுப்படி எதன் பக்கமும் அவர் தலை திரும்பவில்லை.

கிளம்பும்போது எனக்குத்தான் நாக்கு நிற்கவில்லை. "வீடு எப்படி இருக்குன்னு சொல்லவே இல்லியே?" மாமியார் என்னை முறைத்த முறைப்பில் தங்கமீனாக இருந்திருந்தால் மிதந்திருப்பேன்.

"எங்க பார்த்தேன்பா? அடுத்த தபா வந்து பார்க்கறேன்" என்று ஆட்டோ ஏறினார்.

மாமியார் வாளியைக் குளியலறையில் வைத்துவிட்டு வந்தார். "செத்தாத்தான் காப்பாத்தும்னு இல்ல, மாப்ள. வூட்டையே பார்க்க வுடல பாரு! இருந்துட்டுப் போவுது. ஆனா தீனி இனிமே நான் போடறேன்."

அதற்குள் மீனுக்கு மண்டபத்தின் புது இடம் அத்துப்படி. தூண்களுக்கு நடுவே வேகமாகப் போய் வந்தது. அருகில் போய்ப் பார்க்கலாமென்று நடந்தேன். தள்ளிப் போட்ட டீப்பாயில், பட்டப்பகலில், மூக்குக் கண்ணாடியோடு, அதே விரலை இடித்துக்கொண்டேன்.