தகப்பன் மடியில் சோறூட்டு

என் மனைவி மலைக்காய்ச்சலில் இறந்தபோது எங்கள் மகள் அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தாள். கருமாதி முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் மச்சான் என்னைத் தனியே அழைத்தார். மனைவியின் அண்ணன் அவர். ஆண்டிபட்டியில் தறி போட்டிருந்தார். கலியாணமாகிப் பல வருஷமாகியும் அவருக்குக் குழந்தை இல்லை.

"புள்ளைய எங்கிட்டக் குடுத்துருங்க மாப்ளே. நாங்க வளத்துக்கிறோம். சின்ன வயசு ஒங்களுக்கு, வேற கலியாணம் பண்ணிக்கிருங்க" என்றார்.

"கலியாணமும் வேணாம், புள்ளையும் குடுக்க மாட்டேன்."

"ஆம்பள எப்பிடி வளப்பீக?"

"எப்பிடியோ வளக்குறேன். எம் புள்ள."

அவர் கெட்டவர் இல்லை. தங்கையை இழந்த துக்கத்தில் கேட்டார். ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், முடிந்துபோன பேச்சைப் போல, குழந்தையின் துணிகளை மூட்டையாகக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏறிய கோபம் பிறகு பல வருஷம் இறங்கவில்லை. மூட்டையைப் பிரித்துத் துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டேன்.

தேனி கடைவீதியில் எனக்கு ஒரு தவசக் கடை இருந்தது. கம்பு, சோளம், கேப்பை, பயறு வகைகள். போடி ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். உலகச் சண்டைக்காக வெள்ளைக்காரச் சர்க்கார் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது பின்னால்தான். கடையின் விட்டத்தில் தூளி கட்டினேன். கொல்லையில் ஒரு வெள்ளாட்டைக் கட்டினேன். அதன் பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, பாலாடைச் சங்கில் புகட்டினேன். யாவாரத்துக்கு வந்தவர்கள் தராசைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

உட்காரப் பழகியதும் அவள் கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் போட ஆரம்பித்தாள். ஒரு நாள் தரையில் சிந்திக் கிடந்த சோளத்தைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். பதறிப்போய் விரலை விட்டு எடுத்தேன். எடுத்த விரலை விடாமல் கடித்தாள். ஈறு கெட்டியாக இருந்தது. ஆட்டுப்பால் இனி இவளுக்குக் காணாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் சோற்றைத் தாய்மாமன் மடியில் வைத்து ஊட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மச்சானுக்கு ஆள் அனுப்பினேன். "புள்ள எங்க வீட்டுக்கே வந்துட்டாத்தான் என் மடியில சோறூட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு வீரபாண்டிக் கோயிலுக்குப் போனேன். ஆற்றில் குளித்துவிட்டு, பச்சரிசிச் சோற்றைக் குழையப் பொங்கி, பாசிப்பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, கோயில் வாசலில் இலை போட்டு உட்கார்ந்தேன். வேறொரு குழந்தைக்குச் சோறூட்ட வந்திருந்த கூட்டம் எங்களைச் சுற்றி நின்றது. அதில் ஒரு பெரியவர் கேட்டார்.

"தாய்மாமன் எங்கப்பா?"

"வரலை."

"அப்ப யாரு மடியில வச்சு ஊட்டுறது?"

"இந்த மடியிலதான்."

"அது மொறையில்லையே."

"பசிக்கிது அவளுக்கு" என்றேன்.

முதல் உருண்டையை நாக்கால் வெளியே தள்ளினாள். இரண்டாவதையும் தள்ளினாள். மூன்றாவதைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து, முகத்தைச் சுளித்து, விழுங்கினாள். பிறகு என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் சிரித்துவிட்டுத் தன் குழந்தையின் இலையிலிருந்து ஒரு துண்டு வாழைப்பழத்தை எடுத்து எங்கள் இலையில் வைத்தாள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கடைவீதிக்கே என் மகளின் சாப்பாடுதான் பேச்சு. கேப்பையை ஊறவைத்து அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பால் வடிகட்டி, கருப்பட்டி போட்டுக் காய்ச்சுவேன். கடைக்குப் பின்னால் அம்மி முன் நான் குந்தியிருப்பதை எட்டிப் பார்த்துச் சிரிக்கவென்றே சிலர் வந்தார்கள். எதிரே இட்லி விற்ற அக்கா பொறுக்க முடியாமல் ஒரு நாள் எழுந்து வந்தாள்.

"இங்கன குடுங்க, நான் அரைச்சுத் தாரேன். பாக்க நல்லாவா இருக்கு?"

"வேணாந்தாயி. நானே அரைச்சுக்கிறேன்."

உதவி வேண்டாம் என்ற வீம்பு மட்டும் அதில் இல்லை. ஒரு கை உள்ளே வந்தால், பிள்ளையை அவள் வளர்த்தாள், இவள் வளர்த்தாள் என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சு ஆண்டிபட்டியில் மச்சான் காதுக்குப் போய்ச் சேரும்.

மலைவாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தேன். மாந்தம் வரும் என்றார்கள். முட்டையின் மஞ்சள் கருவைக் கொடுத்தேன். கிரந்தி வரும் என்றார்கள். விரால் மீனை வேகவைத்து, முள்ளில்லாமல் விரலால் தடவிப் பார்த்துக் கொடுத்தேன். பேச்சு வராது என்றார்கள். கூடலூர்ச் சந்தையில் மலையாளத்துக்காரர் ஒருவர், ஏத்தங்காய் என்கிற நேந்திர வாழைக்காயைக் காயவைத்து இடித்த மாவைக் கொடுத்து, பாலில் காய்ச்சச் சொன்னார். அதையும் காய்ச்சினேன். கம்பத்துத் திராட்சையைத் தோலுரித்து, விதை எடுத்து, நசுக்கி நாக்கில் வைத்தேன். புளிப்பில் உடம்பு முழுக்கச் சிலிர்த்து, கண்ணை இறுக்கி மூடி, திரும்ப வாயைத் திறந்தாள். முருங்கைக்கீரைச் சாற்றை மட்டும் என் சட்டையில்தான் துப்புவாள். நானும் விடவில்லை, பருப்போடு சேர்த்துக் கடைந்து ஏமாற்றினேன்.

கம்பங்கூழில்தான் மாட்டிக்கொண்டேன். நன்றாகச் சலிக்காமல் கொடுத்துவிட்டேனோ என்னவோ, வயிறு போக ஆரம்பித்தது. கண் உள்வாங்கி, துணி மாற்றக்கூட அழாமல் தோளில் துவண்டு கிடந்தாள். கடையைச் சாத்திவிட்டு, அரிசிக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுப் பாலாடை பாலாடையாகப் புகட்டிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து நின்றார். யாரோ ரயிலில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"சொன்னேன்ல? கம்பு, மீனுன்னு கண்டதையும் குடுத்துப் புள்ளையக் கொல்லப் பாக்குறீக. எடுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்."

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். "ஊருல எந்தப் புள்ளைக்கும் வயிறு போனதில்லையா மச்சான்? அதுகளையெல்லாம் ஆத்தாகாரிககிட்ட இருந்து பிடுங்கிட்டா போனீக?"

"அவுக பொம்பளைக."

"நான் இவளுக்கு அப்பன். உக்காருறதுன்னா உக்காருங்க, கஞ்சி வைக்க ஒத்தாசையா இருக்கும். தூக்குறதுன்னா நடக்காது."

அவர் உட்காரவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் மகள் கண்ணைத் திறந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். நான் அழுதேன், கதவு சாத்தியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. கம்பை ஒரு மாதம் நிறுத்தி வைத்தேன். பிறகு இரண்டு முறை சலித்து, மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கடை வாசலில், தெரு பார்க்கவே கொடுத்தேன்.

மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். என் மகள் கடைப் படியைத் தானே ஏறி இறங்கும் வயதில், அவருக்கு ஆண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்குத் தகவல் சொல்லவில்லை. ஒரு நாள் காலை ரயிலில் அவர் மனைவி மட்டும் வந்தாள். இடுப்பில் குழந்தை குச்சியாக இருந்தது.

"அண்ணே, சோறூட்டு முடிஞ்சும் வாயில எதையும் வாங்க மாட்டேங்குறான். அவுகளுக்குத் தெரியாம வந்தேன். ஏதாச்சும் செஞ்சு குடுங்கண்ணே."

கேப்பைப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். என் மடியில் கொஞ்சம் குடித்தான். அவள் கண் கலங்கியது. ஒரு படி கேப்பையைச் சலித்துத் துணியில் முடிந்து கையில் தந்துவிட்டுச் சொன்னேன்: "அடுத்த வாரம் மச்சானோட வா தாயி. இனி அவருதான் ஊட்டணும். இல்லாட்டி நான் செஞ்சு தர மாட்டேன்."

"அவுக வர மாட்டாகண்ணே."

"புள்ளைக்கு வேணும்னா வரட்டும்."

வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் மூட்டை மேல் உட்கார்ந்தார். குழந்தையை அவர் மடியில் வைத்து, கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். யாவாரத்துக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். முதல் வாயை அவன் அப்படியே அவர் சட்டையில் துப்பினான்.

"என்ன மாப்ளே, துப்புறான்?" என்றார். அத்தனை காலத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தொடச்சுட்டுத் திரும்ப ஊட்டுங்க" என்றேன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு, திரும்ப ஊட்டினார்.