எட்டுக்கு ஒரு மீன்

முதுகில் ஸிப் வைத்து உடுப்புத் தைத்தவன், தனியாகக் கடலுக்குப் போகிறவனைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒக்டோபர் மாதத்தில் ஒஸ்லோ ஃபியோர்டில் கயாக்கில் ஏறுவதென்றால் தண்ணீர் புகாத உடுப்புப் போட்டே ஆகவேண்டும். தவறி விழுந்தால் நீச்சல் தெரிந்தவனையும் குளிர் கொன்றுவிடும். என்னுடைய உடுப்பின் ஸிப் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரைக்கும் ஓடுகிறது. அதை இன்னொருவர்தான் இழுத்து மூட வேண்டும். நான்கு வருடமாக மூடிவிட்டவன் என் நண்பன். அவனை எரித்த மறுநாள், கைகளை முதுகுக்குப் பின்னால் வளைத்துக்கொண்டு கரையில் சுற்றிச் சுற்றி நின்றேன். கடைசியில், ஓட்டப் பயிற்சி செய்துகொண்டு போன ஒரு நோர்வேஜியப் பெண்ணை மறித்து, மன்னிப்புக் கேட்டு, முதுகைக் காட்டினேன்.

அவள் ஒரே இழுவையில் மூடினாள். "தனியாகவா போகிறீர்கள்? அது புத்தியில்லாத வேலை" என்றாள். புத்தியில்லாத வேலை என்று எனக்கும் தெரியும். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவனுக்குப் புத்தி எதற்கு?

மாட்டிக்கொண்ட கதை இதுதான். என் நண்பன் செப்டெம்பர் கடைசியில் வேலையிடத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டான். என் வயதுக்காரன், ஐம்பதுகூட ஆகவில்லை. எங்கள் யாழ்ப்பாண வழக்கத்தில் எட்டாம் நாள் 'எட்டு' என்று ஒரு படையல் உண்டு. அதுவரைக்கும் செத்த வீட்டில் மரக்கறிதான். எட்டு அன்றைக்கு, போனவருக்கு எது பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்து, மச்சம் மாமிசம் என்று பார்க்காமல், படத்துக்கு முன்னால் படைப்போம். இந்த நாட்டில் எரிக்கவே பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருப்பதால், நாங்கள் எரித்த நாளிலிருந்து எண்ணுகிறோம். எரித்தது ஒரு புதன். எட்டு, அடுத்த புதன் பின்னேரம்.

எரித்துவிட்டு லோறென்ஸ்கூக்கில் இருந்த அவன் வீட்டுக்கு எல்லோரும் திரும்பினோம். எட்டுக்கு யார் என்ன சமைப்பது என்று பேச்சு வந்தது. ஒருவர் ஆட்டிறைச்சி என்றார், இன்னொருவர் முட்டை என்றார். மீன் என்று யாரோ தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"எட்டுக்கு மீன் என்ர பொறுப்பு" என்றேன். "அவனும் நானும் தூண்டில் போட்ட கடலிலையே பிடிச்சுக்கொண்டு வருவன். ஒருத்தரும் கடையிலை வாங்க வேண்டாம்."

அவனுடைய மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களுக்கேன் அண்ணை வீண் கரைச்சல்?" என்று மட்டும் சொன்னாள். துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

காரில் வரும்போது என் மனைவி விட்டுவைக்கவில்லை. "இஞ்சேருங்கோ, நாலு வருசத்திலை எத்தினை மீன் பிடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்? எண்ணினால் கை விரலே மிச்சம். செத்த வீட்டிலை போய் ஏன் இப்பிடி வாய் குடுத்தனீங்கள்?"

காரின் வேகத்தைக் கூட்டினேன். அவள் சொன்னது உண்மை என்பதுதான் ஆத்திரம்.

எங்களுடைய கயாக் இரண்டு பேருக்கானது. பின்னால் நான், முன்னால் அவன். எதற்கும் கோபம் வருகிற பிறவி நான். காற்றுக்கு ஏசுவேன், நூல் சிக்கினால் ஏசுவேன், எங்கள் தூண்டிலுக்குப் பக்கத்தில் தலையை நீட்டும் கடற்காகத்துக்கும் ஏசுவேன். மீன் கிடைக்காத நாளில் கயாக் சரியில்லை என்பேன். அவன் திரும்பாமலே, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்பான். அவனுடைய முதுகு குலுங்குவதை வைத்துத்தான் சிரிக்கிறான் என்று கண்டுபிடிப்பேன்.

இவ்வளவுக்கும் நான் மீன் பிடிக்காமலில்லை. பிடித்ததை அவன் விட்டுவிடுவான். சிறிய மீனை வைத்திருக்கக்கூடாது என்று சட்டம். அவன் கயாக்கின் விளிம்பில் ஒரு அளவுநாடா ஒட்டி வைத்திருந்தான். நான் இழுக்கும் கடல் ட்ரவுட் மீனை வாங்கி, வாலைக் கையில் பொத்திப் பிடித்து, நாடாவில் வைத்து, "அரை விரல் குறையுது மச்சான், விட்டிடுவம்" என்பான். நான் எட்டிப் பார்ப்பதற்குள் மீன் போய்விடும். தொஸ்க் என்றால் அதுவும் இல்லை. தொஸ்க் என்பது இவர்களுடைய கொட் மீன், ஃபியோர்டில் அது குறைந்துபோனதால் பிடிக்கவே தடை. தப்பித் தவறிக் கொழுவினாலும் உயிரோடு விட வேண்டும். இரண்டாம் வருடம் முழங்கை நீளத்தில் ஒரு தொஸ்க் எனக்குக் கிடைத்தது. என்னைக் கேட்காமலே தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிட்டான். சட்டம் பேசுகிற உனக்கு மீன் எதற்கடா என்று கத்தினேன். இரண்டு கிழமை அவனோடு கதைக்கவில்லை.

ஆக, வியாழக்கிழமை நான் கயாக்கைத் தனியாகக் காரின் கூரையிலிருந்து இறக்கினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஸிப் கதை உங்களுக்குத் தெரியும். கடலில் இறங்கினால், முன் இருக்கை வெறுமையாக இருந்ததால் கயாக்கின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. காற்று அதைப் பிடித்துத் தன் இஷ்டத்துக்குத் திருப்பியது. நான் தீவுப் பக்கம் துடுப்புப் போட்டால் அது நகரத்துப் பக்கம் பார்த்தது. ஒரு மணித்தியாலம் போராடி, தூண்டிலை ஒரு தரம்கூட எறியாமல் கரைக்கு வந்தேன்.

ஸிப்புக்குத் தினமும் வழியில் போகிறவர்களையே மறித்தேன். வெள்ளிக்கிழமை பாரத்துக்கு இரண்டு தண்ணீர்க் கான்களை முன் இருக்கையில் வைத்தேன். அவை உருண்டன. வேறு ஒன்றும் இல்லாததால் அவனுடைய லைஃப் ஜாக்கெட்டை அவற்றைச் சுற்றிப் போட்டு இறுக்கினேன். தீவுகளுக்குப் போகும் படகிலிருந்து ஆட்கள் என்னை எட்டி எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு ஜாக்கெட் போட்ட இரண்டு கான்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? ஓம், சண்டைதான். "போறதெண்டால் இன்னொரு கோடை முடியவாவது போயிருக்கலாமே, விசரா. இப்ப ஆர் எனக்கு வலை பிடிக்கிறது?" என்று கானைப் பார்த்துக் கத்தினேன். சோகம் வரும், அழுகை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு வேலையை என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டானே என்ற எரிச்சல்.

சனிக்கிழமை தூண்டில் முழுக்கக் கடற்பாசி. ஞாயிறு, விரல் நீளத்தில் மூன்று குஞ்சு மீன்கள். படையலில் வைத்தால் அவனே எழும்பி வந்து சிரிப்பான். நான் பஸ் ஓட்டுகிறவன். விடியற்காலை வேலைக்குப் போய், மத்தியானம் முடிய எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, கயாக்கை ஏற்றி, கடலுக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். ஒக்டோபரில் பகல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. திங்கட்கிழமை நல்ல மீன் ஒன்று கொழுவியது. வெள்ளியாக மின்னிய கடல் ட்ரவுட். ஒரு கையில் தூண்டில், மறு கையில் வலை, கயாக் சுழல்கிறது. வலையை நீட்டிய நேரம் மீன் ஒரு உதறு உதறிப் போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. துடுப்பால் தண்ணீரை அடித்தேன். நனைந்தது நான்தான்.

செவ்வாய் புயல். வீட்டில் நின்று யன்னலைப் பார்த்து ஏசினேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "கடையிலை நல்ல மீனா வாங்கி, தலையை வெட்டிக் குடுங்கோ. ஆருக்குத் தெரியும்?" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

புதன்கிழமை லீவு எடுத்தேன். அன்றைக்கு மனைவியே கடற்கரை வரைக்கும் வந்து, ஸிப்பை இழுத்து மூடி, குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றாள். காற்று இல்லை. கானும் ஒழுங்காக இருந்தது. தீவின் பின்பக்கம், அவனும் நானும் வழக்கமாக நிற்கும் பாறையடியில் தூண்டிலை எறிந்தேன். மூன்றாவது எறிதலில் நூல் இறுகியது. பாறை என்று நினைத்தேன், ஏசத் தொடங்கினேன், பாறை அசைந்தது. பத்து நிமிடம் இழுத்திருப்பேன். இந்த முறை வலை பிசகவில்லை. மீன் என் மடியில் வந்து விழுந்தது.

தொஸ்க். முன்பு அவன் விட்டதைவிடப் பெரியது.

சுற்றிப் பார்த்தேன். ஒரு படகு இல்லை, ஒரு மனிதர் இல்லை. பாறை மறைத்ததால் மனைவிக்கும் தெரியாது. வெட்டித் துண்டாக்கிக் குழம்பில் போட்டால் எந்த அதிகாரி வந்து கண்டுபிடிக்கப் போகிறான்? ஆறு நாள் நாய் படாத பாடு பட்டதற்கு இது என் உரிமை என்றுகூட நினைத்தேன். கத்தியை எடுத்தேன். ஆனால் இப்படி ஒரு மீனுக்காகத்தான் அவனோடு இரண்டு கிழமை கதைக்காமல் இருந்தேன். அதே மீனை அவனுடைய இலையிலேயே கொண்டுபோய் வைத்தால், பதில் சொல்ல முடியாதவனை மடக்கிப்போட்டதாக ஆகிவிடும். முள்ளைக் கழற்றினேன். "உன்ர சட்டத்திலை இடி விழ" என்று கானைப் பார்த்துச் சொல்லிவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டேன். அது கொஞ்ச நேரம் கயாக்கோடு ஒட்டி நின்றது, பிறகு இறங்கிப் போய்விட்டது. அதற்குப் பிறகு மத்தியானம் வரை ஒன்றும் கொழுவவில்லை.

பின்னேரம் வெறும் கையோடு அவன் வீட்டுக்குப் போனோம். சனம் நிறைந்திருந்தது. ஆட்டிறைச்சிக் கறி, முட்டை, பியர்ப் போத்தல் என்று வாழையிலையில் எல்லாம் இருந்தன. என் கையைப் பார்த்தவர்கள் உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். அவன் மனைவி குசினியில், அடுப்படியில் நின்றாள். கதவடியில் நின்று, நடந்ததை எல்லாம் சொன்னேன். தொஸ்க்கை விட்டதையும் சொன்னேன்.

"மன்னிச்சுக்கொள் தங்கச்சி. வாயாலை சொன்னதைச் செய்ய முடியேல்லை."

அவள் அலுமாரியைத் திறந்து தக்காளிச் சோஸில் போட்ட மக்ரல் டின் ஒன்றை எடுத்தாள். பள்ளிப் பிள்ளைகள் பாணில் பூசிச் சாப்பிடும் டின்.

"அண்ணை, அவருக்குத் தொண்டைக்குள்ளை போன மீன் இது ஒண்டுதான்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"சின்னனிலை முள்ளுச் சிக்கி ஆஸ்பத்திரியிலை கிடந்தவராம். அதிலை இருந்து முள்ளு மீனெண்டால் பயம். யாழ்ப்பாணத்தான் மீன் தின்னமாட்டன் எண்டால் சிரிப்பினம் எண்டு வெளியிலை சொல்லமாட்டார். நீங்கள் தந்த மீனெல்லாம் பக்கத்து வீட்டு நோர்வேக்காரருக்குத்தான் போனது. அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். எல்லாருக்கும் முன்னாலை நீங்கள் அப்பிடிச் சொல்லேக்குள்ளை எனக்கு வாய் வரேல்லை."

பொத்திப் பிடித்த வால்கள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. அரை விரல், அரை விரல் என்று அளந்ததெல்லாம் அளவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தப்ப அவன் கண்ட வழி.

"அப்ப நாலு வருசமா அந்தக் குளிருக்குள்ளை என்னத்துக்கு வந்தவன்?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்கள் ஏசுறதைக் கேக்கத்தான்" என்றாள். "வீட்டை வந்து உங்களை மாதிரியே நடிச்சுக் காட்டுவார். காத்துக்கு ஏசினது, பறவைக்கு ஏசினது எல்லாம். வேலையாலை எவ்வளவு களைச்சு வந்தாலும், சனிக்கிழமை அண்ணையோடை கடலுக்குப் போறன் எண்டால் முகம் மாறிடும்."

டின்னைத் திறந்து ஒரு சிறிய பீங்கானில் கொட்டினாள். அதைக் கொண்டுபோய் இலையில் வைத்தாள். நானும் பின்னால் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒருக்கால் ஏசுங்கோ அண்ணை" என்றாள். "அவருக்குப் பிடிச்சதைத்தானே எட்டுக்குப் படைக்கிறது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு நாளாக இரண்டு தண்ணீர்க் கான்களுக்கு ஓயாமல் ஏசியவன் நான். "டேய் விசரா" என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.