வயிற்றில் நகர்ந்தது

கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. திடீரென்று என் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. மேகத்துக்குள் மலை நகர்வதுபோல வயிற்றில் ஏதோ நகர்ந்தது.

"ஏனுங்க, தொட்டுப் பாருங்க, நம்ம கண்ணு பொரளுது" என்பாள். எங்கள் மலைமேலிருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்திருந்ததால், திருவிழா முடியும்வரை ஸ்கேன் வேண்டாமென்றாள். நானும் தலையாட்டினேன்.

திருவிழாவன்றே வலியில் சுருண்டாள். கொண்டை ஊசி வளைவுதோறும் அலறியவளை ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனேன்.

"கர்ப்பமில்லைங்க, ஏக்கத்துல நாள் தள்ளியிருக்கு. மண்ணீரல் இடம்விட்டு அலைஞ்சு, இப்ப முறுக்கிக்கிச்சு. எடுத்துட்டோம், பொழச்சுக்குவாங்க" என்றார் டாக்டர். கைகூப்பி அழுதேன்.

கண்விழித்தவளிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதை எங்கீங்க வெச்சிருக்காங்க?" என்றாள்.

அவள் பிழைத்ததில் உறவெல்லாம் சந்தோஷப்பட்டது. எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்ததை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.