பூச்சி தின்ன ஆறு மீன்

எங்க ஊட்டுத் தொட்டியில மொத்தம் ஒம்பது மீன் இருந்துது. அதுல ஏழு காணாமப் போச்சு. ஏழையும் நான்தான் தீர்த்துக் கட்டிட்டேன்னு என் ஊட்டுக்காரரு நம்பினாரு. ஆறு மீன் சத்தியமா நான் இல்ல. பாக்கி ஒண்ணுதான் பேஜாராப் போச்சு.

ஊட்டுக்காரருக்கு கும்மிடிப்பூண்டியில இரும்பு உருக்குற கம்பெனியில வேலை. அங்க இருந்த மேனேஜர் ஒருத்தர் வேலைய உட்டுட்டு சொந்த ஊருக்குப் போறப்போ, ஊட்டு சாமான எல்லாருக்கும் குடுத்துட்டுப் போயிருக்காரு. ஒருத்தன் ஃப்ரிட்ஜ் கேட்டான், ஒருத்தன் கட்டில் கேட்டான். நம்மாளு மீன் தொட்டி கேட்டிருக்காரு. சாதா தொட்டி இல்ல, கடல் தொட்டி. நாலடி நீளம், உள்ள உப்புத்தண்ணி, ஓட்டை ஓட்டையா கடல் பாறை, அதுமேல விரிஞ்சு விரிஞ்சு சுருங்குற பவழம். குட்டியானை வண்டியில ஏத்தினு, ஊர்வலம் மாதிரி எங்க புதுவாயலுக்கு வந்து எறங்குது.

எங்க ஊடு ஒரு ஹாலு, ஒரு ரூமு, ஒரு கிச்சன். டிவி இருந்த எடத்துல தொட்டி வந்துது, டிவி ரூமுக்குப் போச்சு, பீரோ நடையில வந்து நின்னுது. நான் சும்மா இருந்திருக்கலாம். "இதுக்கு பழவேற்காட்டுல ரெண்டு கிலோ நண்டு வாங்கினு வந்திருந்தா கொழம்பாவது வச்சிருப்பேன்"னேன். என் வாய் அப்படி. மனுஷன் அத்த மனசுல பத்திரமா வச்சுக்கினாரு.

மொதல்ல போனது மஞ்ச மீனு. அது என் தப்பு, ஒத்துக்கிறேன். தொட்டி மேல ஒரு வலை மூடி இருக்கும். கண்ணாடிய தொடைக்கிறேன்னு அத்த எடுத்து வச்சேன், பால் வாங்கப் போனேன், மூட மறந்துட்டேன். திரும்பி வந்தா மீனு சோபாவுக்குக் கீழ கருவாடா கெடக்குது. துள்ளி வெளிய குதிச்சிருக்குது. தொடப்பத்தால தள்ளி, வாசல்ல இருக்குற கறிவேப்பிலத் தொட்டியில பொதைச்சுட்டேன். சாயங்காலம் இவரு வந்து எண்ணிப் பார்த்துட்டு, "மஞ்சளு பாறைக்குள்ள பூந்துக்கினு இருக்கும்"னாரு. நானும் "ஆமா ஆமா, பூந்துக்கினு இருக்கும்"னேன்.

அதோட போயிருந்தா போச்சு. அடுத்த வாரம் ஒரு நீல மீனு இல்ல. அப்புறம் வரி போட்டது ஒண்ணு. அப்புறம் ஜோடியா ரெண்டு. செத்து மெதந்தா பொணமாவது கெடைக்கணும், அதுவும் இல்ல. ஆறாவது போனப்போ என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. ஏழாவது போனப்போ வாய தொறந்துட்டாரு. "உனக்குப் புடிக்கலன்னா நேரா சொல்லு. ஒண்ணொண்ணா எடுத்து டாய்லெட்டுல போடாத."

"யோவ், எனக்கு வேற வேலை இல்லையா?"ன்னு கத்துனேன். அந்நேரம் பார்த்து மாமியாருகிட்ட இருந்து ஃபோனு. திருப்பாச்சூர் பக்கத்துல நெலம் நீச்சுன்னு இருக்குறவங்க, ஸ்பீக்கர்லயே பஞ்சாயத்த முடிச்சாங்க. "இதுக்கு ஏன்டா சண்ட? கற்பூரம் ஏத்துடா. ஒரு மீனக்கூட நான் ஒண்ணும் பண்ணலன்னு அடிச்சு சத்தியம் பண்ணட்டும்."

தட்டுல கற்பூரம் எரியுது. ஆறு மீனுக்குன்னா படார்னு அடிச்சு அணைச்சிருப்பேன். ஒரு மீனக்கூடன்னு கேட்டா எப்படி அடிக்கிறது? சாமி விஷயத்துல நான் வெளையாட மாட்டேன். "கேவலம் மீனுக்குப் போயி கற்பூரமா?"ன்னு எகிறினு கிச்சனுக்குள்ள போயிட்டேன். கற்பூரம் தானா எரிஞ்சு அடங்குச்சு.

அன்னையில இருந்து மனுஷன் என் கையால மீன் கொழம்பு தின்னல. வச்சா, "வேணாம், ரசம் போதும்"பாரு. சண்ட போட்டா நானும் ரெண்டு வார்த்த பேசுவேன். ரசம் கேட்டா இன்னா பேசுறது? எனக்கு மனசு ஒடஞ்சுபோச்சு. பாத்ரூம் கொழாய தொறந்து உட்டுட்டு அழுதிருக்கேன்.

ஒரு நாளு பராமரிப்புன்னு காலையில கரண்ட்ட நிறுத்திட்டான். நான் போற பேக்கிங் யூனிட்டுக்கும் லீவு. வெய்யிலுக்கு ஜன்னல் ஸ்கிரீன்லாம் இழுத்து உட்டேன், ஹாலே இருட்டு. மிச்சம் இருந்த ரெண்டு ஆரஞ்சு மீனுக்கு ஒரு எறா துண்டு போட்டேன். அது பாறைக்குக் கீழ போய் வுழுந்துது. ஒரு ஓட்டையில இருந்து மெதுவா ஒரு தலை வந்துது. கொம்பு மாதிரி அஞ்சாறு மீசை, கத்திரிக்கோல் மாதிரி வாயி. வருது, வருது, இன்னும் வருது. வெரல் தடிமன், பக்கத்துக்கு நூறு காலு, ஒடம்பெல்லாம் வானவில்லு மினுக்கு. பூரானுக்கும் பாம்புக்கும் பொறந்தது மாதிரி. சடக்குன்னு எறாவ கவ்விக்கினு உள்ள போயிடுச்சு.

நான் "பூச்சி! பூச்சி!"ன்னு அலறினேன். புழுன்னு சொல்ல வாய் வரல, அவ்ளோ பெருசு. எங்க பக்கம் பாம்ப பாம்புன்னு சொல்ல மாட்டோம், பூச்சின்னுதான் சொல்லுவோம். அவ்ளோதான். பக்கத்து ஊட்டு அண்ணன் தடியோட வந்துட்டாரு. ஹவுஸ் ஓனர் அம்மா மாடியில இருந்து ஒரு டம்ளர் பாலும் முட்டையுமா எறங்கி வந்தாங்க. "அடிக்காத நைனா, அடிக்காத! எங்க போச்சு?"ன்னாங்க. நான் தொட்டியக் காட்டினேன். "கண்ணாடி ஊடே கட்டிக் குடுத்திருக்கீங்களே, வராம இன்னா பண்ணும்?"னு கன்னத்துல போட்டுக்கினு பால தொட்டியில ஊத்தப் போனாங்க. பாஞ்சு கையப் புடிச்சேன். மிச்ச ரெண்டும் செத்துதுன்னா அதுவும் என் தலையிலதான் வுழும்.

சாயங்காலம் இவருகிட்ட சொன்னா, "உப்புத்தண்ணியில பாம்பா? அடுத்தது இன்னா, மொதலையா?"ன்னாரு. அப்போ நான் ஃபோனுல புடிச்ச வீடியோவுல ஒரே இருட்டு, என் அலறல் மட்டும் தெளிவா கேக்குது. நான் உடல. "பாறைய வெளிய எடு. அதுல ஒண்ணும் இல்லன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுறேன்"னேன். வெறும் பேச்சு இல்ல, பைய எடுத்து வச்சுட்டேன்.

ஞாயித்துக்கெழம பாறைய தூக்கி, துணி ஊற வைக்கிற டப்புல வச்சோம். ஓட்டைக்குள்ள சோடா ஊத்தினா எது இருந்தாலும் வெளிய வந்துடும்னு இவரு எதுலயோ பார்த்திருக்காரு. ஜங்ஷன் கடையில சோடா வாங்கினு வரச் சொன்னா பன்னீர் சோடா வாங்கினு வந்து நின்னாரு. திருப்பி அனுப்பினேன். ப்ளைன் சோடா ஊத்தினதும் பாறை பொங்குச்சு. முதல்ல ஒண்ணு வந்துது. என் இடுப்பு ஒயரத்துக்கு மேல நீளம். இவரு ஒரு அடி பின்னால போனாரு. அந்தப் பக்க ஓட்டையில இருந்து இன்னொண்ணு வந்துது. இவரு சோபா மேல ஏறிட்டாரு.

அங்க நின்னுக்கினே ஃபோனுல தேடிட்டு, பாறை ஓட்டையில ஒளிஞ்சு இருட்டுல மீனப் புடிச்சுத் தின்னுற கடல் புழுவாம்னாரு. ரெண்டையும் உப்புத்தண்ணி பக்கெட்டுல போட்டு, பூந்துக்க ஒரு பைப் துண்டும் போட்டு, வாசல்ல வச்சோம். கொல்லக் கூடாதுன்னு ஓனர் அம்மா கண்டிஷன். பக்கெட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வச்சுட்டுதான் மாடிக்குப் போனாங்க.

நான் சோபாவுல கால் மேல கால் போட்டுக்கினு ஒக்காந்தேன். இவரு கிச்சன்ல இருக்குற சாமி மாடத்துக்குப் போயி தட்டுல கற்பூரம் ஏத்திக்கினு வந்தாரு. கண்ணு கலங்கியிருக்குது. "ஏழு மீனுக்கும் உன்மேல பழி போட்டேன். இனிமே உன்னை சந்தேகப்பட்டா..."ன்னு கைய ஓங்கினாரு.

உட்டிருந்தா நான் ஆயுசுக்கும் ராணி. ஆனா கை தானா போயி அவரு கையப் புடிச்சுடுச்சு.

"ஏழு இல்ல. ஆறு."

ஓங்கின கைய எறக்கினாரு. "மஞ்சளா?"

"மூடிய மூட மறந்துட்டேன். கறிவேப்பிலத் தொட்டியில இருக்குது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா மத்த ஆறும் என் தலையிலதானே கட்டியிருப்ப?"

"சொல்லாமயே கட்டிட்டேனே, மே"ன்னாரு.

எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. கல்யாணம் ஆன நாளா அவரு பார்க்காத அதிசயம் அது. கற்பூரம் அணையுற வரைக்கும் ரெண்டு பேரும் தட்டையே பார்த்துக்கினு நின்னோம்.

"மீன் கொழம்பு வைக்கிறியா?"ன்னாரு.

நான் மூக்க உறிஞ்சிக்கினு, கறிவேப்பில கிள்ள வாசலுக்குப் போனேன். பின்னாலயே ஓடி வந்தாரு.

"அந்தச் செடியில பறிக்காத மே, நான் கடையில வாங்கினு வரேன்"னு சட்டைய மாட்டிக்கினு கெளம்பினாரு.