கிலோ சாரின் பத்தொன்பது கோடைகள்

எங்கள் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்தவரை எல்லோரும் கிலோ சார் என்றுதான் கூப்பிட்டோம். லாரி டிரைவர்கள் வைத்த பேர். ஆள் அவ்வளவு ஒல்லி. மேடையில் ஏறி நின்றால் மெஷினுக்கே தெரியாது என்று கிண்டல் செய்வார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸில் கிளார்க். வருகைப் பதிவேடு, கேட் பாஸ், வெளியிலிருந்து வரும் போனை உள்ளே இணைத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. அவரைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதி என் கண்ணால் பார்த்தது. மீதியை வெகுநாள் கழித்து அவரே சொன்னார்.

கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. மெயின் ரோடு வரைக்கும் லாரிகள் வால் பிடித்து நிற்கும். பாரத்தோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒரு எடை, கழித்து எழுதி ஒரு சீட்டு. ‘சார் சார்’ என்று பத்துப் பேர் ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வெயில் ஏறத் தொடங்கும்போது அரவை முடியும். கொதிகலன் குளிர்ந்து ஒரு வாரத்தில் ஷெட்டுக்குள் புறாக்கள் குடிவந்துவிடும். எல்லோரும் லீவு போட்டுக்கொண்டு ஓடுவோம். ஆனால் கழிவுப்பாகு ஏற்ற டேங்கர் வரும், குடோனிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு எப்போதாவது ஒரு லாரி போகும். ஒரு நாளைக்கு ரெண்டு வண்டி, சில நாள் அதுவும் இல்லை. அதற்காக எடைமேடையில் ஒருத்தர் இருந்தாக வேண்டும்.

யார் இருப்பது என்ற பேச்சு வரும்போதே கிலோ சார் கையைத் தூக்கிவிடுவார். “நீங்கல்லாம் பிள்ளைகுட்டிகளோட போயிட்டு வாங்கப்பா. நான் இருக்கேன்.”

வருடா வருடம் இதே கதை. ஒருமுறை மீட்டிங்கில் மேனேஜர், “கடமைன்னா என்னன்னு இவரைப் பார்த்துக் கத்துக்கங்க” என்றார். நாங்கள் கை தட்டினோம். அவர் குனிந்து பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவர் இருந்தது புத்தகத்துக்காக.

பழைய பேப்பர் வியாபாரி ஒருவரின் லாரி வாரத்துக்கு ஒருமுறை எடை போட எங்கள் மேடைக்கு வரும். அதன் டிரைவர் கட்டுகளைப் பிரித்துத் தேடி, “சார், தடியா ரெண்டு மாட்டிச்சு” என்று ஜன்னல் வழியாகக் கொடுப்பான். நாவல்கள். சிலதுக்கு அட்டை இருக்காது. சிலதுக்கு முதல் அத்தியாயமே இருக்காது. அரவைக் காலத்தில் கிலோ சார் அவற்றைத் தொடமாட்டார். இரும்பு பீரோவின் அடித்தட்டில், பழைய சீட்டுக் கட்டுகளுக்குப் பின்னால் அடுக்கிவைப்பார். வேலைக்கு நடுவே குனிந்து அவற்றின் முதுகை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு நிமிர்வாராம். இந்த வருடம் முதலில் எது, கடைசியில் எது என்று வரிசைகூடப் போட்டு வைத்திருப்பார்.

கோடை வந்ததும் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலில் ஈரத் துண்டைத் தொங்கவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜையின் கீழ் டிராயரை இழுத்து அதன்மேல் காலை வைத்துக்கொள்வார். வெளியே தார் உருகி டயரில் ஒட்டும். உள்ளே அவர் முழங்கால் அளவு பனியில் நடந்துகொண்டிருப்பார். ஒரு பாட்டில் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கடலில் இருப்பார். ஏதோ ஒரு துறைமுக ஊரில் இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு வீட்டுக்காக ஆயுசு முழுக்கச் சண்டை போடும் கதை, எண்ணூறு பக்கம். அந்த ஊரில் எந்தச் சந்து எங்கே திரும்பும் என்பது தன் சொந்தத் தெருவைவிட அவருக்கு அத்துப்படி. டேங்கர் ஹாரன் அடித்தால் ஒரு விரலைப் பக்கத்துக்குள் விட்டபடியே எழுந்து போய் எடை போட்டுவிட்டு வருவார்.

“உள்ள போயிட்டா நான் யாருக்கும் அப்பா இல்ல தம்பி” என்றார் என்னிடம். “அவ்வளவு லேசா இருக்கும்.”

அவருக்கு ஒரே மகன். குட்டி என்று கூப்பிட்டார்கள். இருபத்துநாலு வயதிலும் குட்டிதான். அப்பாவைவிட ஒரு முழம் உயரம், அகலத் தோள். பேச்சு வரவில்லை, தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம் வரும், பசிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். ஊட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், கழிவறைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். பிடிக்காதது நடந்தால் சுவரில் தலையை மோதிக்கொள்வான். தடுக்கப் போன அம்மாவின் கையைக் கடிப்பான். அந்த அம்மா எந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவார்.

பதினெட்டு வயது வரை அவனைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனான். கோடையில் அதற்கு விடுமுறை. வயது தாண்டியதும் அதுவும் நின்றது. வெயில் அவனுக்கு ஆகாது. உடம்பு சூடாகி, தூக்கம் கெட்டு, அந்த மாதங்களில்தான் அவன் மிக மோசமாக இருப்பான். சரியாக அந்த மாதங்களில்தான் கிலோ சாருக்கு லீவு கிடைக்காது. “சம்மர்லதான் வேலை ஜாஸ்தி. ஒரு நாள்கூட விடமாட்டேங்கறான்” என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். குட்டிக்கு ஐந்து வயதானபோது முதல்முறை சொன்னது. அந்த அம்மா ஆலையைத் திட்டினாரே தவிர, அவரைத் திட்டவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அவருக்குத்தான் மோர் கொடுப்பார்.

பத்தொன்பதாவது கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும், என் மேஜையில் போன் அடித்தது.

“தம்பி, எடைமேடைக்குக் கொஞ்சம் குடுங்க. அவர் வீட்ல இருந்து பேசறேன்.”

இணைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் மறுபடி. அப்புறம் இன்னொரு தடவை. “வெளிய மேடைகிட்ட நிக்கறாரு போலிருக்கும்மா” என்றேன். அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் கேட்டில் ஒரு ஆட்டோ நின்றது. இறங்கிய அந்த அம்மாவின் வலது காலில் ஈரத் துணி சுற்றியிருந்தது. ஒரு கையால் குட்டியின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். சோறு வடிக்கும்போது அவன் பின்னாலிருந்து இடித்திருக்கிறான். கொதிக்கிற கஞ்சி மொத்தமும் காலில். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அவனைத் தனியாக விட்டுவிட்டு டாக்டரிடம் போக முடியாது.

“அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க தம்பி. வேலையில இருப்பாரு, தெரியும். ஒரு மணி நேரம் இவனைப் பிடிச்சுக்கிட்டா போதும், நான் போய்க் கட்டுப் போட்டுக்கிட்டு வந்துடுவேன்.”

நான் பதறிப்போயிருந்தேன். அந்த அம்மாவைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: “வேலையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, இன்னைக்கு வண்டியே வரல. சார் உள்ள புத்தகம் படிச்சுக்கிட்டிருப்பார். சம்மர் வந்தா அவருக்கு அதுதானே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றது.

முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முற்றத்தில் நிழலே கிடையாது. அந்த அம்மா நொண்டிக்கொண்டே, மகனை இழுத்துக்கொண்டே, நேராக எடைமேடைமேல் ஏறி நின்றார். உள்ளே மெஷினின் சிவப்பு எண்கள் பூஜ்ஜியத்திலிருந்து நூற்று முப்பதுக்குத் தாவின. வண்டி வந்துவிட்டதென்று நினைத்து, விரலைப் புத்தகத்துக்குள் விட்டபடி கிலோ சார் நிமிர்ந்தார்.

நான் அந்த மாதிரி ஒரு முகத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்த அம்மா உள்ளே வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபேன் காற்றில் ஜன்னலின் ஈரத் துண்டு ஆடியது. நான் வாளியில் தண்ணீர் பிடித்துவந்து வைத்தேன், காலை அதில் விட்டுக்கொண்டார். குட்டிக்குச் சீட்டுப் போடும் பேப்பர் உருளை ஒன்று கிடைத்துவிட்டது. அதைத் தரையில் உருட்டியபடி, ஆச்சரியமாக, சத்தமே போடாமல் இருந்தான்.

“போன் அடிச்சுதே, கேட்டுச்சா?”

அவர் மேஜையிலிருந்த போனைப் பார்த்தார்.

“கேட்டுச்சான்னு கேக்கறேன்.”

“கேட்டுச்சு.”

“எத்தனை வருஷமா?”

“அவனுக்கு அஞ்சு வயசுல இருந்து.”

அந்த அம்மா திறந்துகிடந்த பீரோவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கத்துவார், அழுவார் என்று நான் காத்திருந்தேன். “நல்லா இருக்குமா?” என்று கேட்டார்.

“எது?”

“கையில இருக்கே, அது. என்ன கதை?”

“இப்ப எதுக்கு அதெல்லாம், வா, ஆஸ்பத்திரிக்கு...”

“சொல்லுங்க.”

அவர் நின்றுகொண்டே சொன்னார். துறைமுக ஊர், வீடு, இரண்டு அண்ணன் தம்பிகள். முதலில் திக்கித் திக்கித்தான் வந்தது. பெரியவன் கப்பலேறிப் போகும் இடம் வந்ததும் குரல் மாறிவிட்டது. அந்த அம்மா வாளித் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில், “அவன் பெண்டாட்டி என்ன ஆனா?” என்றுகூடக் கேட்டார். கொஞ்ச நேரத்துக்கு அந்தச் சின்ன அறையில் யாருக்கும் எதுவும் ஆகாதது போல இருந்தது.

அவர் முடித்ததும், “சாயங்காலம் வந்து அசதின்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துப்பீங்களே” என்றார் அந்த அம்மா. “இதையாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

அப்புறம் எழுந்தார். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்: “நீங்களும் இங்க வெந்துக்கிட்டிருக்கீங்கன்னு நெனச்சுத்தாங்க நான் அங்க தாங்கினேன்.”

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட அடுத்த நாளே கிலோ சார் லீவு போட்டார். கோடையில் அவர் போட்ட முதல் லீவு. அடுப்பைப் பார்த்தார், குட்டியைக் குளிப்பாட்டினார், துணி துவைத்தார். ஆனால் குட்டி அவர் கையால் சாப்பிட மறுத்தான். தட்டைத் தள்ளிவிட்டு, பக்கத்து அறைக் கதவில் போய்த் தலையை மோதினான். அங்கேதான் அந்த அம்மா படுத்திருந்தார். இருபது நாளில் புண் காய்ந்து தோல் வந்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

“கால் ஆறிடுச்சேம்மா” என்றார் கிலோ சார்.

“ஆறிடுச்சு. எந்திரிக்கத்தான் வரல.”

“நான் வேலையை விட்டுடறேன். இனிமே வீட்லயே இருக்கேன். நீ போய் உன் அக்கா வீட்ல நாலு நாள் இருந்துட்டு வா. வேணும்னா ஒரு புத்தகம் எடுத்துட்டுப் போ.”

அக்கா வீட்டுக்குப் போனார். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனார். மறுநாள் மதியமே திரும்பிவந்துவிட்டார். “எழுத்து ஓடுது. காது இங்கயே கெடக்குது” என்று சொல்லிப் புத்தகத்தை மேஜையில் வைத்தார். பிறகு, காய்கறி வாங்கிவரச் சொல்வதுபோல் சாதாரணக் குரலில் சொன்னார்: “அவனை எங்கயாவது சேத்துடுங்க. என்னால ஆகாது. உங்களால ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும்.”

கிலோ சார் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அந்த அம்மா அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு காப்பகத்தில் குட்டியைச் சேர்த்தார்கள். நல்ல இடம்தான், நானும் ஒருமுறை கூடப் போயிருக்கிறேன். சுத்தமாக வைத்திருந்தார்கள், பொறுமையாகப் பார்த்துக்கொண்டார்கள். முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அம்மாவின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான். அப்பாவின் கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தான். சில மாதம் கழித்து இழுப்பதை விட்டுவிட்டான். வந்தவர்களைப் பார்ப்பதையும் விட்டுவிட்டான். அடுத்த கோடையில், வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், வலிப்பு வந்து போய்விட்டான். டாக்டர், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நடப்பதுதான், வீட்டில் இருந்தாலும் நடந்திருக்கும் என்றார். அடக்கம் முடிந்ததும் அந்த அம்மா வீட்டுக்கு வந்து அவனுடைய தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதற்கப்புறம்தான் அழுதார்.

கிலோ சார் ஓய்வு பெற்று இப்போது ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனவன், வீட்டுக்குள் நுழைந்தேன். இன்னும் இளைத்திருந்தார். நாற்காலியில் ஒரு தடித்த புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் எதிர்பார்த்தது அதுவல்ல.

“இன்னும் படிக்கிறீங்களா சார்?”

“தினமும்” என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவன் போனதும் விட்டுடுவேன்னு நெனச்சேன் தம்பி. கையே ஓடாதுன்னு நெனச்சேன். மூணாவது வாரம் ஒண்ணைப் பிரிச்சேன். பத்துப் பக்கத்துல எல்லாம் மறந்துபோச்சு. அதே மாதிரி, லேசா. இன்னமும் அவ்வளவு நல்லா இருக்கு. அதைத்தான் என்னால தாங்க முடியல.”

சமையலறையிலிருந்து அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். காலடிச் சத்தம் கேட்டதுமே அவர் புத்தகத்தை மூடித் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

“படிங்க. நான் ஏதாவது சொன்னேனா?” என்றார் அந்த அம்மா. கோபம் இல்லை, கேலியும் இல்லை. என்னிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் இருவரும் பழைய மேனேஜரைப் பற்றியும், மூடிக் கிடக்கும் ஆலையைப் பற்றியும் கொஞ்சம் பேசினோம். நான் கிளம்பித் தெருவில் இறங்கி, சும்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்குள் அவர் அதற்குள் மறுபடி குனிந்திருந்தார்.