இடம் மாறிக்கொண்டே இருந்த கோழிகள்

அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் சிரித்தால்கூடப் பாலில் தண்ணீர் கலந்துவிட்டார் என்பாள். தன் கோழிகளின் முட்டை குறைவதாகத் தோன்றியதும் அவளுடைய சந்தேகம் பக்கத்து அறையில் குடியிருந்த ஓரகத்தி மேல் விழுந்தது. ஓரகத்தி கண்ணில் படாதபடி கோழிகளைத் தினமும் துரத்திப் பிடித்து, ஒருநாள் குளியலறையிலும் மறுநாள் மாடிப்படிக்கு அடியிலும் அடைத்தாள்.

கொஞ்ச நாளில் முட்டை அடியோடு நின்றது. இறகுகள் கொத்துக்கொத்தாக உதிர்ந்தன.

"என் கோழிக்கு என்னடி வச்சே?"

"அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதேக்கா! எங்கன்னு போய் வைக்க?" என்றாள் ஓரகத்தி.

மூத்தவள் கால்நடை மருத்துவரிடம் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நோய் ஒண்ணும் இல்லம்மா. தினமும் துரத்தி இருட்டுல அடைச்சா அது மிரண்டுபோகும், தீனி எடுக்காது. உடம்பு முட்டை வேலையை நிறுத்திட்டு இறகைக் கொட்டிடும். ஒரே இடத்துல நிம்மதியா விடுங்க, புதுசா முளைக்கும்."

'இவரை ஓரகத்தி முன்னாடியே பார்த்துப் பேசியிருப்பாளோ?' வழியெல்லாம் அதே யோசனை. இருட்டில் அடைத்ததைச் சொன்னதே தான்தான் என்பது வீட்டு வாசலில்தான் நினைவுக்கு வந்தது.

கோழிகளைப் பழைய கூண்டில் விட்டுப் பூட்டினாள். பிறகு ஓரகத்தியிடம் சாவியை நீட்டினாள்.

"நாளைக்கு நான் சந்தைக்குப் போறேன். நீயே தீனி போடு. ஆனா கோழியை எண்ணிட்டுத்தான் போவேன்."