பதினாறாவது ஊசி

ஒரு வியாழக்கிழமை காலை, சமையலறையிலிருந்து கூடம்வரை தரையில் வட்ட வட்டமாகப் பழுப்புக் கறை இருந்தது. என் மகள் அனிதா சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, குழம்ப கொட்டிட்டியா?" என்றாள். குனிந்து பார்த்தாள். பிறகு என்னை உட்காரவைத்து என் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு சிறிய துளை. சுற்றிலும் சிவப்பு. சீழ் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள், பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில். சர்க்கரை நோய் பதினான்கு ஆண்டுகளாக என்னுடன் குடியிருக்கிறது. நியூரோபதி (சர்க்கரையால் நரம்புகள் உணர்வை இழப்பது) பற்றி எத்தனையோ நோயாளிகளுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள் என்பேன். என் வீட்டிலும் கண்ணாடி இருந்தது. அதைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டியதும் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எலும்பை ஒட்டி ஓர் ஊசி முழுசாகக் கிடந்தது. அதன் காதுகூடத் தெரிந்தது.

"தையல் வேலை செய்வீங்களா?" என்று கேட்டார் இளம் சர்ஜன்.

செய்வேன். ஓய்வுக்குப் பிறகு, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை மதியங்களில் எட்டுப் பெண்கள் கூடுவோம். தையல்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை என் கால் மிஷினில் சதுரங்களாக இணைத்து, நடுவில் பழைய பருத்திப் புடவையை மடித்து வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து நெருக்கமாகக் கையால் தையல் ஓட்டினால் போர்வை. சென்னையில் போர்வை எதற்கு என்று கேட்பவர்கள் பொது வார்டில் துணைக்கு இருந்ததில்லை. நோயாளிக்குக் கட்டில் உண்டு. கூட வந்தவருக்குச் சிமெண்ட் தரை. எங்கள் போர்வைகள் அந்தத் தரைக்குப் போயின.

தெரிந்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கும் ஸ்டெல்லா, நான்கு சதுரங்களின் மூலைகள் பிசகாமல் ஒரு புள்ளியில் சேர்வது எப்படி என்று எங்களுக்குக் காட்டினாள். அவிழாத முடிச்சு என்னுடையது. தியேட்டரிலிருந்து இன்னொரு வழக்கத்தையும் நான் கொண்டுவந்திருந்தேன்: ஊசிக் கணக்கு. அங்கே வயிற்றை மூடும் முன் ஊசி, பஞ்சு, கருவி எல்லாவற்றையும் எண்ணுவோம். இங்கே ஆளுக்கு இரண்டாகப் பதினாறு ஊசி. பதினாறும் டப்பாவுக்குத் திரும்பாமல் போர்வையும் வெளியே போகாது, பெண்களும் போகக் கூடாது.

"இன்னா சிஸ்டர், ஊசி கிடைக்கலன்னா எங்க வயித்த கிழிச்சுப் பாப்பீங்களா?" என்பாள் ஸ்டெல்லா. மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், எண்ணியபடியே.

கறை தெரிவதற்கு முந்தைய சனிக்கிழமை பதினைந்துதான் வந்தது. மின்சாரம் வேறு இல்லை. ஜமுக்காளத்தை உதறினோம். மடித்துக் கட்டிய போர்வைகளைப் பிரித்துத் தடவினோம். வெறுங்காலோடு கூடம் முழுக்கத் தேடி நடந்தவள் நான். ஒரு மணி நேரம் கழித்து ஸ்டெல்லா, "தோ, மிஷினுக்கு அடியில கீது சிஸ்டர்," என்று ஓர் ஊசியை நீட்டினாள். பதினாறு. கூடத்துக் கரும்பலகையில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். போர்வைக்குக் கையெழுத்துப் போடுகிற பெண் தாம்பரத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பதினாறும் டப்பாவில் இருந்தால் என் காலில் இருந்தது எந்த ஊசி?

ஊசியை எடுத்தார்கள். டிபிரைட்மென்ட் (அழுகிய சதையை வெட்டி நீக்குவது) செய்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்டியோமைலைட்டிஸ் (எலும்புக்குள் சீழ் பிடிப்பது) என்றார்கள். பெருவிரல் போயிற்று. பத்து நாளில் அடுத்த விரல். அடுத்து என்ன வரும் என்பது எனக்கு எப்போதும் ஒரு நாள் முன்பே தெரிந்திருந்தது. அதனால் ஒரு நாள் முன்பே பயந்தேன். படித்த படிப்பின் பயன் அவ்வளவுதான்.

ஸ்டெல்லா பார்க்க வந்தாள். கட்டுப்போட்ட காலைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிஸ்டர், அன்னிக்குக் குடுத்தது என் ஊசி. என் பையிலருந்து எடுத்தேன்."

நான் பாட்டிலில் விழும் சொட்டுகளை எண்ணத் தொடங்கினேன்.

"வூட்ல சின்னதுக்குக் காய்ச்சல். நீங்க எண்ணி முடிக்காம வுட மாட்டீங்க. ஒரு ஊசிதானே, எங்கனா பெருக்கும்போது கிடைக்கும்னு நெனச்சேன். திட்டிடுங்க சிஸ்டர். சும்மா இருக்காதீங்க."

திட்ட வரவில்லை. அவள் அதைத் தராமல் இருந்திருந்தால் நான் இன்னும் நாலு போர்வைகளைப் பிரித்திருப்பேன். என் உள்ளங்காலைப் பார்த்திருப்பேனா? தெரியாது. எனக்கு வேறொன்று தோன்றியது. தியேட்டரில் சர்ஜன் கையில் தையலோடு காத்திருப்பார். "சிஸ்டர், க்ளோஸ் பண்ணலாமா?" என்பார். எனக்கு எண்ணித் தந்த ஜூனியர் பெண்ணுக்கும் வீட்டில் ஒரு காய்ச்சல் இருந்திருக்கும். முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த எண்ணிக்கையை நம்பி நான் "கரெக்ட் சார்" என்று சொல்லியிருக்கிறேன்.

"உக்காரு ஸ்டெல்லா," என்றேன். "சின்னதுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அப்போதுதான் அவள் அழுதாள்.

மூன்றாம் வாரம் சர்ஜன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசினால் செய்தி என்ன என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம்மா. ரத்த ஓட்டம் இல்ல. தள்ளிப்போட்டா உசுருக்கே..."

"எத்தனை சென்டிமீட்டர் விடுவீங்க?"

"பதினஞ்சு."

"பதினஞ்சு போதும். செயற்கைக் கால் நிக்கும்," என்றேன். அனிதா என்னையே பார்த்தாள். "ம்மா, அது உன் கால்ம்மா," என்றாள்.

சம்மதப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று அந்தச் சின்ன நர்ஸ் விரலால் காட்டினாள். அதே இடத்தை நான் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன். ஒருவர்கூட முழுவதும் படித்ததில்லை. நானும் படிக்கவில்லை.

முதுகில் போடும் மயக்க ஊசி என்பதால் விழித்திருந்தேன். பச்சைத் திரைக்கு அந்தப்பக்கம் ரம்பத்தின் சத்தம். அதுகூடப் பரவாயில்லை. கடைசியில் ரத்தம் ஒற்றும் துணிகளையும் ஊசிகளையும் எண்ணினார்கள். "மாப் பத்து. நீடில் நாலு." குரலில் அவசரம் இருந்தது. சாப்பாட்டு நேரம்.

"இன்னொரு தரம் எண்ணுங்கம்மா," என்றேன்.

மயக்க மருந்து டாக்டர் என் நெற்றியில் கை வைத்தார். "ஒண்ணுமில்ல, தூங்குங்க பாட்டி," என்றார். யாரும் எண்ணவில்லை. "கரெக்ட் சார்" என்றது அந்தக் குரல்.

ஐந்து மாதம் கழித்துச் சனிக்கிழமைகள் திரும்பின. கால் மிஷினை மிதிக்கும் வேலையை ஸ்டெல்லா எடுத்துக்கொண்டாள். இதைப் படிக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: உள்ளங்காலை நீங்களே பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். எல்லாம் தெரிந்தவர்களாக இருந்தால் நிச்சயமாக நம்பாதீர்கள். வேறு ஒருவரிடம் கொடுங்கள்.

நான் கொடுத்துவிட்டேன். மற்ற நாட்களில் அனிதா. சனிக்கிழமை, ஊசிகளை எண்ணி முடித்ததும், ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து என் இடது காலை மடியில் வைத்துக்கொள்கிறாள். டார்ச் அடித்து, விரல் இடுக்குகளைப் பிரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறாள். அவள் கை அங்கே இருப்பது எனக்குப் பார்த்தால்தான் தெரிகிறது. கண்ணை மூடினால் இருக்கிற காலும் இல்லை. இல்லாத வலது காலோ, எப்போதோ வெட்டிப் போட்ட பெருவிரலில், விடாமல் அரிக்கிறது.

"ஊசி பதினாறு, காலு ஒண்ணு," என்கிறாள் ஸ்டெல்லா. "எழுதிக்கோங்க சிஸ்டர்."

அவள் ரெண்டாம் தரம் எண்ணும்வரை நான் சாக்பீஸை எடுப்பதில்லை. எண்ணிய பிறகு எழுதுகிறேன். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எனக்கு ஒரு கால் இருக்கிறது.